கடைச் சத்தத்தில் காது மெஷின்

காது கேட்கும் திறனைச் சோதித்து மெஷினைச் சரிசெய்து தரும் ஆடியாலஜிஸ்ட் அறையில் நான் நல்ல மாணவன். கதவைச் சாத்திவிட்டு, வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு அவர் ஒரு வாக்கியம் சொன்னால், பெரும்பாலும் அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவேன். அதே நான், திருச்சியில் மெயின் ரோட்டை ஒட்டியிருக்கும் என் ஹார்டுவேர் கடையில், எதிரே நிற்கும் பிளம்பர் கேட்பது அரை இஞ்ச் எல்போவா முக்கால் இஞ்ச் எல்போவா என்று தெரியாமல் முழிப்பேன். மெஷின் அதேதான், காதும் அதேதான். நடுவில் புகுந்தது ரோட்டுச் சத்தம்.

எனக்கு வலது காதில் காக்ளியர் இம்பிளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதில் வைத்து, நரம்பை மின்சாரத்தால் தூண்டிக் கேட்கவைக்கும் கருவி. இடது காதில் சத்தத்தைக் கூட்டித் தரும் சாதாரண ஹியரிங் எய்டு. முப்பது வயதுக்கு மேல் குறைய ஆரம்பித்த காது. முதலில் இரண்டு பக்கமும் எய்டு போட்டு ஓட்டினேன். வலது பக்கம் சத்தம் மட்டும் கேட்டு சொல் எதுவும் புரியாத நிலைக்கு வந்த பிறகு ஆபரேஷன். ஆபரேஷனைப் பற்றியும், முதல்முறை ஸ்விட்ச் ஆன் பண்ணியபோது என்ன கேட்டது என்பதைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. சந்தடியில் அடுத்தவர் பேசுவதை எப்படிப் பிடிப்பது என்பதை மட்டும் சொல்கிறேன். என் அனுபவத்தில், மெஷினுக்குள் இருக்கும் புரோகிராம்களைவிட நாம் எங்கே நிற்கிறோம், பேசுபவர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்பதுதான் அதிகம் கைகொடுக்கிறது.

"இவ்வளவு செலவு பண்ணியும் ஏங்க கேக்கல? வால்யூமைக் கூட்டி வையுங்களேன்" என்று வீட்டில் கேட்பார்கள். கூட்டினால் பேச்சும் கூடும், பஸ் ஹாரனும் கூடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். எனக்குத் தேவை அந்த வித்தியாசம். நல்ல காது உள்ளவர்களுக்குப் பேச்சும் இரைச்சலும் சம அளவில் இருந்தாலே விஷயம் புரிந்துவிடும். இரைச்சல் கொஞ்சம் மிஞ்சினால்கூடச் சமாளித்துவிடுவார்கள். என்னைப் போன்ற பலருக்குப் பேச்சு இரைச்சலைவிட ஐந்து, பத்து டெசிபலாவது (ஒலி அளவின் அலகு) உயர்ந்து நிற்க வேண்டும்.

காரணம் மெஷினின் அமைப்பிலேயே இருக்கிறது. உள்காதின் காக்ளியாவில் ஒலியை உணரும் மயிரணுக்கள் இயற்கையாக சுமார் 15 ஆயிரம் இருக்கின்றன. இம்பிளான்ட்டில் அந்த வேலையைச் செய்ய வைத்திருக்கும் எலக்ட்ரோடுகள், அதாவது மின்முனைகள், கம்பெனியைப் பொறுத்து, 12 முதல் 22 வரைதான். அதிலும் உள்ளே இருக்கும் திரவத்தில் மின்சாரம் அக்கம்பக்கம் பரவுவதால், தனித்தனி வழியாகப் பயன்படுவது பெரும்பாலானவர்களுக்கு எட்டு போலத்தான். அமைதியான இடத்தில் அதுவே தாராளம். 1995-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷானனும் கூட இருந்தவர்களும் பேச்சை வெறும் நான்கு அதிர்வெண் பட்டைகளாகச் சுருக்கி, நன்றாகக் காது கேட்பவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். கொஞ்சம் பழகியதும் அவர்களுக்குப் பேச்சு நன்றாகவே புரிந்தது. இரைச்சல் கலந்தால் கதை வேறு. பழைய செய்தித்தாளில் பெரிய பெரிய புள்ளிகளாக அச்சாகியிருக்கும் படத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு முகமென்றால் யாரென்று சொல்லிவிடலாம், கூட்டத்தைப் பிடித்த படமென்றால் ஒருவரையும் அடையாளம் தெரியாது.

எல்லாச் சத்தமும் ஒரே மாதிரி படுத்துவதில்லை. மின்விசிறி, ஏசி, ஓடிக்கொண்டே இருக்கும் ஜெனரேட்டர் போன்ற சீரான சத்தத்தை பிராசசர் (இம்பிளான்ட்டின் மைக் உள்ள, வெளியே மாட்டும் பாகம்) தானாகவே கண்டுபிடித்து ஓரளவு அமுக்கிவிடும். மோசமானது அடுத்தவர் பேச்சு. நான்கு பேர் பேசும்போது யாருடைய பேச்சு எனக்கு வேண்டும் என்று மெஷினுக்குத் தெரியாது. நல்ல காது, குரலின் சுருதியை வைத்தே ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக்கொள்ளும், இரைச்சல் ஒரு கணம் ஓயும்போது அந்த இடுக்கில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளும். இம்பிளான்ட் சுருதியை அவ்வளவு நுணுக்கமாகக் கொடுப்பதில்லை. இடுக்கில் பிடிக்கும் வித்தையும் எங்களுக்கு அவ்வளவாக வாய்ப்பதில்லை.

இனி கடைக்கு வருகிறேன். என் சோதனைக்கூடம் அதுதான்.

முன்பு கல்லாவில் நான் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். எல்லாக் கடையிலும் அப்படித்தானே. வாடிக்கையாளர் ரோட்டுக்கு முதுகு காட்டி என் முன்னால் நிற்பார். என் பிராசசரில் இரண்டு மைக் இருக்கின்றன. அவை சேர்ந்து, முன்னால் வரும் சத்தத்தை எடுத்துக்கொண்டு பின்னால் வருவதைக் குறைக்கும். முன்னால் வாடிக்கையாளர் மட்டுமா நின்றார்? அவருக்குப் பின்னால் ரோடு முழுக்க நின்றது. மெஷின் இரண்டையும் விசுவாசமாகப் பொறுக்கித் தந்தது. போதாக்குறைக்கு வெளிச்சம் அவருக்குப் பின்னாலிருந்து வந்ததால் முகம் இருட்டாகத் தெரியும், உதடு தெரியாது.

கல்லாவைத் திருப்பிப் போட்டேன். இப்போது ரோடு என் முதுகுப் பக்கம். வாடிக்கையாளர் உள்ளே வந்து என் எதிரே, வெளிச்சத்தைப் பார்த்து நிற்கிறார். ஒரே மாற்றத்தில் மைக்குக்கும் வசதி, கண்ணுக்கும் வசதி. கல்லாவில் உட்காருகிறவர் வடக்கோ கிழக்கோ பார்க்க வேண்டும் என்று சித்தப்பா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வியாபாரம் படுக்கவில்லை, அப்புறம் விட்டுவிட்டார். நியாயமான ஒரு குறை உண்டு. யார் உள்ளே வருகிறார்கள் என்று எனக்குத் தெரிவதில்லை. அதற்கு மேலே ஒரு குவிகண்ணாடி மாட்டியாயிற்று.

அடுத்தது தூரம். திறந்த வெளியில் பேசுபவருக்கும் நமக்கும் உள்ள தூரம் பாதியானால் பேச்சு 6 டெசிபல் ஏறும். நாலடியிலிருந்து இரண்டடிக்கு வந்தால் 6, ஓரடிக்கு வந்தால் இன்னொரு 6. அறைக்குள் எதிரொலி இருப்பதால் எட்ட இருக்கும்போது இந்தக் கணக்கு அவ்வளவு சுத்தமாக வராது, ஆனால் பக்கத்தில் வர வர நன்றாகவே வேலை செய்யும். எந்த புரோகிராம் மாற்றினாலும் இவ்வளவு சுலபமாக இத்தனை டெசிபல் கிடைத்து நான் பார்த்ததில்லை. அதனால் மேஜையின் அகலத்தைக் குறைத்தேன். குறுகலான மேஜை என்றால் வாடிக்கையாளர் தானாகவே சாய்ந்து பேசுவார். பைப் அறுக்கும் கட்டரைப் பின்கட்டுக்கு அனுப்பினேன். வெறும் சுவராக இருந்த இடத்தில் தேங்காய் நார்க் கயிறு, ஹோஸ் சுருள், சாக்குக் கட்டு எல்லாவற்றையும் தொங்கவிட்டேன், எதிரொலி கொஞ்சம் அடங்கியது. கிரானைட்டும் கண்ணாடியும் வைத்து இழைத்த கடைகளுக்குப் போனால் எனக்கு ஏன் ஒன்றும் புரிவதில்லை என்பதற்கும் இதுதான் விடை.

கடையில் அதிகம் உதைப்பது எண்கள். "மோட்டாருக்கு வால்வு போடணும்ணே" என்றால் பாதி காதில் விழுந்தாலும் மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும். "ஒண்ணேகால்" என்றதும் "ஒண்ணரை" என்றதும் அப்படி இல்லை. இரண்டுமே கேட்கக்கூடிய சைஸ், சூழ்நிலை எந்தத் துப்பும் தராது. விலை பேசும்போது அறுபது, எழுபது, எண்பது மூன்றும் ஒரே வாலோடு வருகின்றன, முன்பாதி ஹாரனில் போய்விட்டால் தீர்ந்தது. உதட்டைப் பார்ப்பது ஓரளவு உதவும். ஆனால் ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுபோலவே இருக்கும், க தொண்டைப் பக்கம் உருவாவதால் வெளியே தெரியவே தெரியாது.

அதனால் "என்ன?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அப்படிக் கேட்டால் எதிராளி முழு வாக்கியத்தையும் அதே வேகத்தில், கொஞ்சம் கோபத்தோடு திருப்பிச் சொல்வார். இப்போது கேட்டது எதுவோ அதைச் சொல்லி, கேட்காததை மட்டும் கேட்கிறேன். "சிபிவிசி எல்போ, சரி. சைஸ் மட்டும் சொல்லுங்க." ஒரே சொல்தான் பதிலாக வர வேண்டும் என்று தெரியும்போது காது அதற்கே காத்திருக்கும். இன்னொன்று, அரை முதல் இரண்டு இஞ்ச் வரை எல்போ, டீ, கப்ளிங், ரெட்யூசர் எல்லாவற்றையும் ஒரு பலகையில் வரிசையாக அடித்து, கீழே எண் எழுதி, மேஜை பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். பேசிக்கொண்டே விரல் வைத்துக் காட்டுகிறார்கள். காது நன்றாக இருக்கும் என் பையனுக்கும் அந்தப் பலகைதான் இப்போது வசதி.

வேலை செய்யும் தம்பிகளுக்குச் சொல்லியிருப்பது இரண்டே விஷயம். பின்கட்டிலிருந்து கத்தக் கூடாது, பக்கத்தில் வந்து "அண்ணே" என்று கூப்பிட்டு, நான் திரும்பிய பிறகு பேச வேண்டும். அப்புறம், கத்திப் பேச வேண்டியதில்லை, கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும். சத்தத்தில் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான் என்று 1911-லேயே எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். அது ஓரளவு நல்லதுதான். அதற்கு மேல் வேண்டுமென்றே கத்தினால் உதடு கோணும், உயிரெழுத்து நீளும், மெய்யெழுத்து அமுங்கிப்போகும். எனக்கு வேண்டியது மெய்யெழுத்து.

பல எலக்ட்ரோடு கொண்ட இம்பிளான்ட்டை உருவாக்கி 1978-இல் மெல்போர்னில் பொருத்திய கிரேம் கிளார்க்கின் அப்பா மருந்துக்கடை வைத்திருந்தவர், காது கேட்காதவர். கடைக்கு வருகிறவர்கள் சொல்வது புரியாமல் அவர் பட்ட பாட்டைச் சிறுவயதில் பார்த்ததுதான் தன்னை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது என்று கிளார்க் சொல்லியிருக்கிறார். ஒரு கடைக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு தனி ஒட்டுதல்.

ஹோட்டல் விஷயம். கூட்ட நேரத்தைத் தவிர்ப்பதுதான் முதல் விதி, காலை எட்டரைக்குப் போகும் டிபனுக்குப் பத்தரைக்குப் போகலாம். மேஜை பிடிக்கும்போது கை கழுவும் இடம், ஜூஸ் மிக்சி, எவர்சில்வர் தட்டு அடுக்கும் இடம் மூன்றிலிருந்தும் தள்ளி. சுவர் ஓரமாகச் சுவரில் முதுகு சாய்த்து உட்காரச் சொல்லித்தான் பலரும் அறிவுரை கூறுவார்கள். முன்பக்கத்தை மட்டும் எடுக்கும் மைக் புரோகிராமில் இருந்தால் எனக்கு அது ஒத்துவரவில்லை, கூட்டம் முழுக்க முன்னால் வந்துவிடுகிறது. நான் கூட்டத்துக்கு முதுகு காட்டி, என்னோடு வந்தவரைச் சுவர்ப் பக்கம் உட்காரவைக்கிறேன். சாதாரண புரோகிராமில் இருப்பவர்களுக்குச் சுவர் உதவலாம். இரண்டு விதமாகவும் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள், இடம் மாற ஐந்து நிமிடம்தான். ஆறு பேர் மேஜையில் எல்லோரையும் பின்தொடர முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, இரண்டு பேரோடு நன்றாகப் பேசிவிட்டு வருவது என் வழி.

கல்யாணம் இதைவிடக் கடினம். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போகும்போது, காதைக் காப்பாற்ற பிராசசர் மொத்த ஒலியையும் கீழே இழுத்துவிடும். கெட்டிமேளம் நின்ற பிறகும் அது உடனே பழைய நிலைக்கு ஏறாது, சற்று நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில்தான் பக்கத்தில் இருப்பவர் குனிந்து ஏதாவது முக்கியமாகச் சொல்வார். அதற்கு வைத்தியம் ஒன்றே, மேளத்துக்கும் ஸ்பீக்கருக்கும் எட்ட உட்காருவது. மண்டபத்து ஸ்பீக்கருக்கு நேர் கீழே நாற்காலி போட்டு, "மாமா, உங்களுக்குக் கேக்கணும்னுதான் இங்க போட்டோம்" என்று அன்போடு உட்காரவைக்கிற மருமகப்பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவேன். பந்தியில் வரிசையாக உட்காருவதால் யார் முகமும் தெரியாது. இடது ஓரத்து இலையாகப் பார்த்து உட்கார்ந்தால் எல்லோரும் என் வலப்பக்கம், அதாவது இம்பிளான்ட் பக்கம் வந்துவிடுவார்கள். தலை, உயர்ந்த சுருதி ஒலிகளை மறைக்கும் ஒரு தடுப்பு, அதனால் நல்ல காதைப் பேச்சுப் பக்கம் வைப்பது எப்போதும் லாபம்.

இடது காதுக்கு எய்டு எதற்கு, அதில் ஒன்றும் புரிவதில்லையே என்று நானே அதைக் கழற்றி வைக்கலாமா என்று யோசித்தது உண்டு. தனியாக அதில் சொற்கள் புரிவதில்லை என்பது உண்மை. ஆனால் தாழ்ந்த சுருதி ஒலிகள், குரலின் அடித்தளம், அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகின்றன. அதோடு சேர்த்துக் கேட்டால் வீட்டுக்காரி குரல் தனி, மகள் குரல் தனி. எய்டைக் கழற்றினால் இருவர் குரலும் ஒன்றோடொன்று குழம்புகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து கொடுக்கும் பலன் சத்தத்தில்தான் அதிகம் தெரிகிறது. எய்டு போட்ட காதில் கொஞ்சமாவது கேட்கும் திறன் மிச்சம் இருக்கிறவர்கள், இம்பிளான்ட் வந்துவிட்டதே என்று அதைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள் என்பேன்.

இனி ரிமோட் மைக். போனாக்கின் ரோஜர், காக்ளியர் கம்பெனியின் மினி மைக் என்று சில வகைகள் உண்டு. உங்கள் மெஷினோடு சேரக்கூடியது எது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். பேசுபவர் சட்டையில் குத்திக்கொண்டால், அவர் எத்தனை அடி தள்ளி நின்றாலும் அவர் வாய் என் காதுக்கு அரையடி தூரத்தில் இருப்பதற்குச் சமம். கூட்டச் சத்தத்தை வெல்ல இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. காரில் முன்சீட்டில் இருப்பவர் பேசுவது, வியாபாரிகள் சங்கக் கூட்டம், கோயில் சொற்பொழிவு எல்லாம் இதனால்தான் எனக்குத் திரும்பக் கிடைத்தன. ரிமோட் மைக்கின் ஒலி எவ்வளவு, பிராசசரின் சொந்த மைக் ஒலி எவ்வளவு என்ற கலவையை ஆடியாலஜிஸ்டிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். சத்தமான இடத்துக்கு ரிமோட் மைக் தூக்கலாக இருக்கும் ஒரு புரோகிராம் தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன். விலை அதிகம், வாங்கும் முன் சில நாட்கள் சோதித்துப் பார்க்கக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். நாலைந்து பேர் மாறி மாறிப் பேசும் இடத்தில் ஒரே மைக்கைக் கைமாற்றிக்கொண்டிருப்பது நடைமுறையில் சங்கடம், மேஜை நடுவே வைத்தாலும் பாதிப் பலன்தான்.

போனில் பேசும்போது புளூடூத் வழியாக நேராக மெஷினுக்கு வரவைத்தால் கடைச் சத்தம் குறுக்கே வராது. எண் வந்தால் மட்டும் வாட்ஸ்அப்பில் போடச் சொல்லிவிடுவேன். கூகுள் 2019-இல் கொண்டுவந்த லைவ் டிரான்ஸ்கிரைப் தமிழையும் எழுத்தாக்கும். வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் பேசும்போது போனை அந்தத் துவாரத்துக்கு அருகில் வைத்துப் படித்துக்கொள்கிறேன். அதற்கும் சத்தம் பகைதான். போன் பேசுபவர் பக்கம் இருந்தால் எழுத்து ஒழுங்காக வரும், என் சட்டைப்பையில் இருந்தால் கவிதை வரும்.

பயிற்சி என்று ஒன்று இருக்கிறது, அதைப் பலர் அமைதியான அறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் மகளைச் செய்தித்தாள் வாசிக்கச் சொல்லி, பின்னால் முதலில் மின்விசிறி, பிறகு சன்னமாக ரேடியோவில் பாட்டு, கடைசியாக ரேடியோவில் யாராவது பேசுவது என்று ஏற்றிக்கொண்டு போனேன். பேச்சுக்கு மேல் பேச்சு வைத்த கட்டத்தில் முன்னேற்றம் மெதுவாகத்தான் வந்தது, இன்னும் முழுதாக வரவில்லை. தலைப்பு முன்கூட்டியே தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதனால் கூட்டத்துக்குப் போகுமுன் என்ன பேசப்போகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வேன், சாப்பாட்டு மேஜையில் பேச்சு மாறும்போது "இப்ப சித்தி வீட்டு விஷயம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி வீட்டில் பழக்கியிருக்கிறேன்.

சத்தத்தில் கேட்பது உழைப்பு. சாயங்காலம் கடை அடைக்கும்போது எனக்கு வரும் களைப்பு மூட்டை தூக்கிய தம்பிகளின் களைப்புக்குக் குறைந்ததல்ல. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு மெஷினையும் கழற்றி வைத்துவிடுகிறேன். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் என்னிடம் பேசுவதில்லை, பேசினால் பதில் கிடைக்காது என்று தெரியும். திருச்சி வெயிலில் வியர்வை மைக் துவாரத்தில் இறங்கிவிட்டால் பேச்சு முதலில் மந்தமாகும், அது மெதுவாக நடப்பதால் நமக்கே தெரியாது. இரவில் உலர்த்தும் டப்பாவில் வைப்பதும், மைக் கவரைச் சொன்ன காலத்தில் மாற்றுவதும் சின்ன வேலைகள், விட்டால் முதலில் அடிவாங்குவது சத்தத்தில் கேட்கும் திறன்தான்.

மேப்பிங்குக்கு, அதாவது ஆடியாலஜிஸ்டிடம் மெஷினின் அளவுகளைச் சரிசெய்துகொள்ளப் போகும்போது, "நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். நான் ஒரு துண்டுச் சீட்டில் இடம், பேசியவர் ஆணா பெண்ணா, சத்தம் எந்தப் பக்கம், எந்தச் சொல் போயிற்று என்று குறித்துக் கொண்டுபோகிறேன். அமைதியில் மட்டுமல்லாமல் இரைச்சலை ஓடவிட்டும் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கிறேன், சில இடங்களில் நாம் கேட்டால்தான் செய்கிறார்கள். போனமுறை கொண்டுபோன சீட்டில் "ஒண்ணேகால் / ஒண்ணரை, பஸ் நிற்கும்போது" என்று இருந்தது. எலக்ட்ரோடுகளுக்குப் போகும் சில சேனல்களைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிக் கொடுத்தார். இப்போது பஸ் ஸ்டாப்பில் நிற்கும் வரை பிரச்சினை இல்லை, கிளம்பும்போது மட்டும் வாடிக்கையாளரிடம் கையைக் காட்டிப் பொறுக்கச் சொல்கிறேன்.